ஸர் தி. முத்துசாமி ஐயர்

தஞ்சை ஜில்லாவில் 1832ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்த முத்துசாமி ஐயரைத் தெருவிளக்கின் கீழ்ப் பயின்ற சிறுவராகவே நம் மாணவர் பலரும் அறிவர். அக்கதையை நாம் ஈண்டு விரிக்கப் புகவில்லை. நியாயஸ்தலத்தின் ஆணையை உரியவர்பாற் சேர்ப்பித்தல் என்னும் சிறு கருமத்தின் பொருட்டே அவரை நினைவுகூர்கின்றோம்.

இளமையிலே தந்தையை இழந்த அவர், கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். வெள்ளத்தால் அணையொன்றிற்கு நேர்ந்த சேதத்தைப் பற்றித் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் விவரம் வேண்டியபொழுது, சிறுவர் தாமே அவ்விடம் சென்று கண்டு வந்து அறிவித்தார். நாயக்கர் முதலில் ஐயுற்றார். விசாரித்தபின் யாவும் மெய்யென்று தெளிந்தார். அவருதவியால் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னையிலும் கல்வி கிட்டிற்று.

போய்க் கண்டதைக் கண்டவாறு எழுதுதல் எளிதன்றோ எனின், அன்று. சம்மன் கொண்டு செல்லும் சேவகர் பிரதிவாதியின் வீட்டை அடைந்து, அவரைத் தேடியும் காணாவிடத்தே, பிரதியைக் கதவில் ஒட்டித் தாம் செய்ததை எழுதித் தரவேண்டும். வீட்டை அடையாளங்காட்டியவர் பெயரையும் அதிற் குறித்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. வாதியிடம் நாலணா பெற்றுக்கொண்டு மரநிழலில் அமர்ந்தே அவ்வறிக்கையை எழுதிவிடின் யாது நிகழும்? வழக்கு உண்டென்பதையே அறியாத குடியானவன்மீது ஒருதரப்புத் தீர்ப்புப் பிறக்கும். அமீனா ஜப்திக்கு வந்து நிற்கும்பொழுதுதான் அவன் செய்தியறிவான். தீர்ப்பை நீக்கக் கோரச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அதற்கும் பொருள் வேண்டுமே!

தவறு சேவகரிடத்து மட்டும் நேர்வதன்று. முகம் பார்த்துச் சம்மனைத் தவிர்க்கும் அதிகாரியும் அதே தவற்றைச் செய்தவராவர். முத்துசாமி ஐயர் 1868ஆம் ஆண்டிற் சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். அப்பதவியில் இருக்கையில், தம் வளவினுள் நுழைந்த இந்தியன் ஒருவனை அடித்ததாக ஐரோப்பியரான ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர்மீது புகார் வந்தது. அன்னார் நேரில் வரவேண்டுவதில்லை எனப் பிரதம மாஜிஸ்திரேட்டு யோசனை கூறினார். ஐயர் இணங்கவில்லை, சம்மன் பிறந்தது. விசாரணையின் முடிவில் விதிக்கப்பட்ட அபராதம் 3 ரூபாய் என்பர். தொகை அற்பமே. எனினும் அக்காலத்தில், மேலதிகாரியின் சொல்லை மறுத்து, அத்தகைய பெரியாரைக் கூண்டின்முன் வருவித்த சுதேசி உத்தியோகஸ்தர் தம் பிழைப்பையே பணயம் வைத்தவராவர்.

பிழைப்புக் கெடவில்லை. 1878ஆம் ஆண்டில் அதே ஹைகோர்ட்டில் அவர் நீதிபதியாயினார். அப்பதவியை அங்கு எய்திய முதல் இந்தியர் அவரே. 1893இற் சிலகாலம் பிரதம நீதிபதியின் ஸ்தானத்தையும் வகித்து, 1895ஆம் ஆண்டு ஜனவரியிற் காலஞ்சென்றார். ஹைகோர்ட்டுக் கட்டடத்தில் அவருடைய பளிங்குச் சிலை தலைப்பாகையோடும் வெறுங்காலோடும் அமர்ந்த கோலத்தில் உள்ளது.