மூணு கட்டையும் ரெண்டு கட்டையும்: பாக் கதை

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. லெக்சர் வீடியோவை 1.5 ஸ்பீடில் ஓட்டி முடிச்சுட்டு, தலைவலி போகட்டும்னு இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போட்டேன். ஸ்பீடை மாத்த மறந்துட்டேன். வயலின் பறக்குது. பழைய கேசட்டா இருந்தா வேகத்தோட சுருதியும் ஏறியிருக்கும், உடனே கண்டுபிடிச்சிருப்பேன். இப்போ இருக்கற ஆப் சுருதியை அப்படியே பிடிச்சு வெச்சுக்குது. ரெண்டு நாள் கழிச்சு நார்மல் ஸ்பீடில் கேட்டப்போதான், அடடா, இது வேற ஆளு மாதிரி இருக்கேன்னு தோணுச்சு.

சரி, எழுதினவர் என்ன வேகம் சொல்லியிருக்கார்னு தேடினேன். அவர் ஒண்ணுமே சொல்லல!

அந்த எழுதினவரைப் பத்திதான் இந்தக் கட்டுரை. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவுல இருக்கற நம்ம பண்ணைப்புரத்துக்காரர், 1986-ல வந்த அந்த ஆல்பத்தை ரெண்டு பேருக்குக் காணிக்கையாக்கினார். ஒருத்தர் தியாகராஜர். இன்னொருத்தர் யோகான் செபாஸ்டியன் பாக். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ங்கற டிராக்கில் வி.எஸ். நரசிம்மன் வயலினில் வாசிக்கறது, பாக் எழுதின மூணாவது பார்ட்டீட்டாவின் முதல் பகுதி.

பாக் 1685-ல ஜெர்மனியின் ஐசனாக்கில் பிறந்தார். பத்து வயசு முடியறதுக்குள்ள அம்மா, அப்பா ரெண்டு பேரும் போய்ட்டாங்க. அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணனே முதல் குரு. (அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோட ஊர் ஊரா சுத்தித்தான் ராஜாவும் ஆரம்பிச்சார், ஞாபகம் வெச்சுக்கோங்க.) அண்ணன் பூட்டி வெச்சிருந்த இசை ஏட்டை, அலமாரிக் கம்பி இடுக்கு வழியா உருவி எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாசம் காப்பி பண்ணினாராம். கடைசியில் மாட்டிக்கிட்டார். அண்ணன் காப்பியைப் பிடுங்கிக்கிட்டார். நம்ம ஜெராக்ஸ் கடைக்காரர் அப்போ இருந்திருந்தா பிழைச்சிருப்பார் மனுஷன்.

இருபது வயசில், நம்மளவிட ஒரு வயசு கம்மியா இருக்கும்போது, ஆர்கன் மேதை புக்ஸ்டஹூடவைக் கேட்கணும்னு லூபெக்குக்கு நடந்தே போனார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கம்பத்துல கிளம்பி விழுப்புரம் வரைக்கும் நடக்கறதா நினைச்சுப் பாருங்க. வாங்கின லீவு நாலு வாரம், தங்கினது கிட்டத்தட்ட நாலு மாசம். திரும்பி வந்ததும் வேலை கொடுத்தவங்க விசாரணை வெச்சாங்க. அட்டெண்டன்ஸ் பிரச்சனை அப்பவே இருந்திருக்கு. அப்புறம் 1717-ல வைமாரில் வேலையை விடறேன்னு அடம் பிடிச்சதுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் ஜெயிலில் இருந்தார்.

இப்போ 1720-க்கு வருவோம். கோத்தன் இளவரசரோட கார்ல்ஸ்பாட் போயிருந்தார். நல்லா இருந்த மனைவி மரியா பார்பராவை வீட்டில் விட்டுட்டுப் போனவர், திரும்பி வந்தப்போ அடக்கமே முடிஞ்சிருந்தது. நாலு பிள்ளைங்க. அவர் தன் கையால அழகா எழுதி வெச்ச தனி வயலின் படைப்புகளோட ஏட்டில் போட்டிருக்கற வருஷமும் 1720 தான். அந்த ஏட்டில் கடைசியா இருக்கறதுதான் நாம பேசற மூணாவது பார்ட்டீட்டா. ஈ மேஜர். நம்ம கணக்கில் மூணு கட்டை சுருதியில் சங்கராபரண ஸ்வரங்கள். நடுநடுவுல ஸட்ஜமே இடம் மாறும், அதனால ராகம்னு சொல்லிட முடியாது. வயலினோட மேல் தந்தியே ஈ. அதை விரல் வைக்காம சும்மா அதிரவிட்டு, பக்கத்துத் தந்தியோட மாத்தி மாத்தி இழுக்கும்போது, ஒரே வயலின் ரெண்டு மூணா கேட்கும். சோகம் துளிகூட இல்ல.

மனைவி போன வருஷத்து ஏட்டில் இப்படி ஒரு வெளிச்சமா? எனக்கு முதலில் இடிச்சது. ஆனா, அடுத்த கதையைக் கேளுங்க.

1723-ல லைப்சிக் வந்தார். நகர சபை முதலில் கேட்ட ஆளுங்க டெலமானும் கிராப்னரும். அவங்க கிடைக்காததால்தான் இவர். 1730 ஆகஸ்டில் இவர் வேலையே செய்யறதில்லைன்னு சபை குறை சொன்னது. வாசிக்க ஆள் போதலைன்னு இவர் நீளமா மனு எழுதினார். அக்டோபரில் பழைய நண்பருக்கு, வேற ஊரில் வேலை இருக்கான்னு கேட்டுக் கடிதமும் போட்டார். சரியா அடுத்த ஆகஸ்ட், 1731, அதே சபையின் பதவியேற்பு ஆராதனைக்கு 29-வது கான்டாட்டா. அதோட தொடக்கத்தில் நம்ம வயலின் துண்டு! இந்தத் தடவை வயலினோட வேலையை ஆர்கன் செய்யுது. கூட ஆர்கெஸ்ட்ரா, மூணு டிரம்பெட், டிம்பனி. சுருதி டி மேஜருக்கு, அதாவது ரெண்டு கட்டைக்கு இறங்கிடுச்சு. காரணம் மூட் இல்லீங்க, டிரம்பெட். அப்போ டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது. டி-யில் செஞ்ச டிரம்பெட் டி-யில்தான் சுகமா ஊதும். சண்டை போட்ட ஆளுங்க முன்னாடி இவ்வளவு கொண்டாட்டமா எழுதியிருக்கார். அதனால, பாட்டோட மூடை வெச்சு அவர் அன்னைக்கு எப்படி இருந்தார்னு நான் இப்போ கண்டுபிடிக்கப் பார்க்கறதில்ல.

வேகத்துக்கு வரேன். வயலின் ஏட்டில் ‘ப்ரெலூடியோ’ங்கற தலைப்பு மட்டும்தான். மெட்ரோனோமுக்கு மேல்ட்சல் காப்புரிமை வாங்கினதே 1815-ல. மொத்தம் 138 பார், பாருக்கு 3 பீட், ஆக 414 பீட். நிமிஷத்துக்கு 120 பீட்னு போனா 3 நிமிஷம் 27 விநாடி; 100-ன்னா 4 நிமிஷம் 8 விநாடி. முதல் வேகத்தில் மழை மாதிரி கொட்டும். ரெண்டாவதில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியா நின்னு முகம் காட்டும். ரெண்டுமே அவர் எழுதினதுதான்.

கடைசிக் காலத்தில் கண் போச்சு. 1750-ல ஜான் டெய்லர்ங்கற இங்கிலாந்து டாக்டர் ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணினார். பார்வை திரும்பல, உடம்பும் விழுந்துடுச்சு. ஜூலை 28-ல இறந்தார். ரெண்டு மனைவிக்கும் பிறந்த 20 பிள்ளைங்களில் பாதிப் பேர் அவருக்கு முன்னாடியே போயிருந்தாங்க. கல்லறை எதுன்னுகூட ரொம்ப வருஷம் அடையாளம் இல்லாம கிடந்தது. 1829-ல மெண்டல்ஸோன் பெர்லினில் இவரோட மத்தேயு பாஷனை நடத்தின பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்னைக்கு ராத்திரி முதலில் தனி வயலின், அடுத்து 29-வது கான்டாட்டா, மூணாவதா ராஜா. இந்த வரிசையில் கேளுங்க. ஸ்பீடு நார்மல்ல இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.