ஒட்டோ லிலியன்தால்: கிளைடரில் பறந்த பெருமகனார்

வெயில் ஏறிய வேளையில் ஒரகடத்து ஏரிகளின் மேலும், இன்று எழுந்து நிற்கும் தொழிற்சாலைக் கூரைகளின் மேலும் பருந்து வட்டமிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அது சிறகடிப்பதில்லை, ஆயினும் கீழே இறங்காமல் மேலே ஏறுகிறது. சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று அதனைத் தாங்குகிறது. இயந்திரம் ஏதுமின்றி இவ்வாறே காற்றில் மிதந்து செல்லும் விமானத்திற்குக் கிளைடர் என்று பெயர். அத்தகைய ஊர்தியில் மீண்டும் மீண்டும் வெற்றியுடன் பறந்து, பறந்ததை முறையாகக் குறித்து வைத்த முதல் மனிதர் ஒட்டோ லிலியன்தால் ஆவார். நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள ஆங்க்லாம் என்னும் சிற்றூரில் 1848ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எட்டு மக்களில் மூவரே உயிர் பிழைத்தனர். வணிகரான தந்தை 1861இல் மறைந்தார். தாயின் உழைப்பில் பிள்ளைகள் வளர்ந்தனர். ஒட்டோவும் தம்பி குஸ்தாவும் வயல்வெளியில் நாரைகள் எழும்பிப் பறப்பதை மணிக்கணக்கில் நோக்கி நின்றனர். பள்ளிப் பருவத்திலேயே பலகையால் இறக்கைகள் செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தனர். பள்ளித் தோழர்களின் கேலிக்கு அஞ்சி, இச்சோதனைகளை இரவு நேரத்தில் நடத்தினர். முயற்சி பலிக்கவில்லை, எண்ணம் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை.

தொழிற்கல்வி பெறப் பெர்லின் நகர் சென்ற ஒட்டோ, தனி அறைக்கு வாடகை கொடுக்க இயலாமல் வண்டியோட்டிகளோடு படுக்கையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார். பின்னர் கிடைத்த உதவித்தொகையே அவரைப் பொறியியல் கல்வியில் நிலைநிறுத்தியது. பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கரின் வரலாறு நமக்குத் தெரியும். உரிய காலத்தில் கிடைக்கும் சிறு உதவி எத்துணைப் பெரிய மனிதரை உருவாக்கும் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

பொறியாளரான பின்பும் ஒட்டோ அவசரப்படவில்லை. சுழலும் கை போன்ற கருவியொன்றை அமைத்து, எந்த வடிவ இறக்கையை எந்தச் சாய்வில் வைத்தால் காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். தட்டையான இறக்கையைவிடச் சற்றே வளைந்த இறக்கை மிகுதியாகத் தூக்கும் என்று கண்டறிந்தார். பல ஆண்டுகளின் அளவீடுகளை 1889இல் நூலாக வெளியிட்டார். அதன் பிறகே, தம் நாற்பத்து மூன்றாம் வயதில், 1891இல் டெர்விட்ஸ் என்னும் ஊரருகே அவர் காற்றில் மிதந்தார். முதலில் கடந்த தொலைவு ஏறத்தாழ 25 மீட்டர். 1893 முதல் ரைனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை சென்றார். அதே 1893இல்தான் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தம் இதழைத் தொடங்கினார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

வில்லோ மரக்கழிகளால் சட்டம் அமைத்துத் துணி போர்த்திய அந்தக் கிளைடரில் இருக்கை கிடையாது. கைகளால் தொங்கியவாறு, கால்களை இப்புறமும் அப்புறமும் வீசி, உடலின் எடையை மாற்றியே அவர் அதனை நடத்தினார். 1894இல் பெர்லின் அருகே 15 மீட்டர் உயரமுள்ள குன்றொன்றைச் செயற்கையாக எழுப்பினார். மொத்தத்தில் அவர் பறந்தது 2,000 தடவைக்கும் மேல்.

இவர் நீராவிக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையின் உரிமையாளருமாவார். 1890இல் நிகர இலாபத்தில் 25 விழுக்காட்டைத் தொழிலாளர்க்குப் பங்கிட்டளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகள் சூழ வாழும் நாம் இச்செய்தியை மறத்தலாகாது.

1896 ஆகஸ்டு 9ஆம் நாள் ஸ்டோல்ன் ஊரருகே பறக்கையில் காற்றின் வேகத்தால் கிளைடர் நிலைகுலைந்தது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார். அப்போது வயது 48.

அவர் மாண்டாலும் அவருடைய அளவீடுகள் மாளவில்லை. அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் அவற்றைக் கற்றனர். 1901இல் காற்றுக்குழாய் அமைத்துத் தாமே சோதித்துத் திருத்தினர். முதலில் கிளைடரில் பழகினர். 1903 டிசம்பர் 17இல் இயந்திர விமானத்தில் பறந்தனர். எழுதி வைக்கப்பட்ட அறிவு அடுத்த தலைமுறையின் படிக்கட்டாகிறது.

முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் இயந்திர விமானங்களுக்குக் கடுந்தடை விதிக்கப்பட்டது. அப்போது தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 1920இல் வாசர்குப்பே மலையில் கிளைடர்களுடன் கூடினர். கிளைடர் மன்றங்கள் பெருகின. அங்கே ஒருவர் ஊர்தியில் அமர்வார், பலர் இரப்பர்க் கயிற்றைப் பிடித்து மலைச்சரிவில் ஓடி இழுப்பர், அவர் மேலெழுவார். அவர் தரையிறங்கியதும் அனைவரும் சேர்ந்து ஊர்தியை மேட்டுக்குக் கொண்டுவருவர். அடுத்தவர் அமர்வார், சற்று முன் பறந்தவர் கயிற்றைப் பிடிப்பார். நம் நாட்டிலும் பூனா முதலிய இடங்களில் கிளைடர் பயிற்சி வளர்ந்தது. ரோகிணி என்னும் இருவர் அமரும் கிளைடர் நம்மவராலேயே வடிவமைக்கப்பட்டு 1961இல் பறந்தது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களும் கிளைடரில் பயிற்சி பெற்றனர்.

இளைஞர்களே! கிளைடர் தன் வலிமையால் தரையை விட்டு எழுவதில்லை. கயிறு பிடிக்கும் கைகள் வேண்டும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிடித்து வருவது அந்தக் கயிற்றையே. இதன் துணையால் படித்து வேலையில் அமர்ந்தோர் பலர். ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் திருகாணி முடுக்குவதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடாமல், அங்கே செய்யப்படும் பொருளை வடிவமைக்கும் மேசைக்கும் செல்ல வேண்டுமானால், உயரப் பறந்தவர்கள் தரையிறங்கி வந்து கயிற்றைப் பற்ற வேண்டும். பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்கும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ கட்டணம், நூல், மாலைநேர வகுப்பு ஆகியவற்றில் ஒன்றையேனும் பொறுப்பேற்பாராக. அடுத்த பிள்ளை மேட்டின் மேல் காத்திருக்கிறது.