அடா லவ்லேசு அம்மையார்

ஆங்கிலக் கவிஞருள் பெரும்புகழ் படைத்தவர் பைரன் பெருமகனார். அவர்தம் திருமகளாராகிய அடா அம்மையார் 1815ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் தோன்றினார். குழந்தை பிறந்த சில வாரங்களில் தாயார் கணவரைப் பிரிந்தார். அதன்பின் அம்மையார் தந்தையைக் கண்டதேயில்லை. கவிஞரின் மனப்போக்கு மகளிடத்தும் படியலாகாதென அஞ்சிய தாயார், கணக்கையே அவர்க்குத் தலையாய கல்வியாக்கினார்.

1833ஆம் ஆண்டில் அம்மையார் சார்லசு பாபேசு என்னும் கணித அறிஞரின் நட்பைப் பெற்றார். பாபேசு பின்னர்ப் பகுப்புப்பொறி என்றதொரு கணக்குப்பொறியைக் கருதினார். பட்டுத்தறியில் பூவேலையைத் துளையிட்ட அட்டைகள் நடத்துமன்றோ? அதுபோல இப்பொறியின் கணக்கையும் அட்டைகளே நடத்தும். பிற்காலத்தில் இத்தாலியின் முதலமைச்சரான மெனபிரியா என்பார் இப்பொறியைப் பற்றி 1842இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வரைந்தார். அம்மையார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். விளக்கக் குறிப்புகளும் எழுதுமாறு பாபேசு தூண்டினார். மூலத்தினும் உரை ஏறக்குறைய மும்மடங்கு பெரிதாயிற்று.

1843ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் அவ்வுரையைத் திருத்துவதிலேயே கழிந்தது. பெர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் முறையை 25 படிகள் கொண்ட அட்டவணையாக அம்மையார் அமைத்தார். பென்சிலால் அவர் எழுதியவற்றின்மேல் கணவராகிய லவ்லேசுப் பிரபு மை தீட்டிக் கொடுத்தார். இதற்கெனப் பாபேசு செய்தனுப்பிய கணக்கிலேயே பெரும்பிழை ஒன்றைக் கண்டு, அம்மையார் அதனைத் திருப்பியனுப்பினார். இதனைப் பாபேசே பின்னாளில் தம் வரலாற்றில் எழுதிவைத்தது அவர்தம் பெருந்தன்மை. ஆயின் தம் வாக்கியங்களைப் பாபேசு மாற்றியபோது அம்மையார் பொறுத்திலர், கடிந்து எழுதினார். அரசாங்கத்தின்மேல் தமக்கிருந்த மனக்குறையைப் பெயரிடாத முன்னுரையாக அந்நூலுடன் சேர்க்கப் பாபேசு விரும்பினார். பொறியை விளக்கும் நூலில் வழக்குரைக்கு இடமில்லை என அம்மையார் மறுத்துவிட்டார். ஆசிரியரினும் மூத்த நண்பரிடம் இவ்வாறு மறுத்துரைப்பது எளிதன்று.

இத்துணை விழிப்பிருந்தும் பிழைகள் புகுந்தன. அட்டவணையின் நான்காம் படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி அச்சேறின. பிரெஞ்சு மூலத்திலோ, நிலை எனப் பொருள்படும் சொல்லில் ஓரெழுத்துப் பிறழ்ந்து கோணக்கணக்குச் சொல்லாய் நின்றது. பொருள் பொருந்தாதிருந்தும் அம்மையார் அதனை அவ்வாறே பெயர்த்துவிட்டார். ஏடு பெயர்த்தெழுதிப் பழகியோர்க்கு இது வியப்பன்று.

உரை 1843ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. முழுப்பெயரின்றி மூன்று முதலெழுத்துகளே அதன்கண் இடப்பட்டிருந்தன. பொறியோ பாபேசின் வாழ்நாளில் முற்றுப்பெறவேயில்லை. இல்லாத பொறிக்கு எழுதிய உரையாகவே அது நின்றது.

அம்மையார் புற்றுநோயால் பெரிதும் துன்புற்று, 1852ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். தந்தை மறைந்ததும் அவ்வயதிலேயே. அம்மையார் விரும்பியவாறே, தாம் அறியாத அத்தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் பெயர் தாங்கிய கணிப்பொறி மொழி ஒன்றன் விதிநூலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அந்நூலுக்கு இட்ட எண் 1815.