அண்ணனும் தம்பியும்

கைத்தறி நெய்யும் ஜலகண்டாபுரம் போன்ற ஊர்களில் ஒருவர் தார் சுற்றிக் கொடுக்க, மற்றொருவர் நாடாவை ஓட்டி நெய்வதுண்டு. முடிந்த ஆடையில் இவர் உழைப்பு இவ்வளவு, அவர் உழைப்பு இவ்வளவு என்று பிரித்துக் காட்டல் அரிது. இருவர் கூடிச் செய்யும் வினை யாவற்றுக்கும் இயல்பு இதுவே. டென்னிஸ் விளையாட்டில் பக்கத்துக்கு இருவராக நின்று ஆடும் இரட்டையர் ஆட்டமும் அத்தகையதே. அவ்வாட்டத்தில் தம் தம்பியாரோடு சேர்ந்து பெரும்புகழ் எய்தியவர் ரெஜினால்டு டோஹர்ட்டி என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

இவர் 1872 ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். தம்பியார் லாரன்ஸ் 1875 ஆம் ஆண்டில் பிறந்தவர். இருவரும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கல்வி பயின்றனர். ரெஜினால்டு நெடிய, மெலிந்த உடலினர். அடிக்கடி நோயால் நலிந்தவர். எனினும் ஊக்கம் குன்றாது பயின்று, 1897 முதல் 1900 வரை நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் தனியர் பட்டத்தைத் தமதாக்கிக் கொண்டார். 1898 ஆம் ஆண்டு அப்பட்டத்துக்கு அவரை எதிர்த்து நின்றவர் அவர் தம்பியாரே. ஐந்து செட்டுகள் வரை நீண்ட அவ்வாட்டத்தில் அண்ணனே வென்றார். ஆயினும் அவர்தம் அன்பில் சிறிதும் விரிசல் நேர்ந்ததில்லை. 1900 ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றில் இருவரும் மீண்டும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. அண்ணன் ஆடாது விலகித் தம்பிக்கு வழிவிட்டார். தம்பி தனியர் பட்டம் வென்றார். இரட்டையர் பட்டத்தை இருவரும் சேர்ந்தே வென்றனர்.

1901 ஆம் ஆண்டு தனியர் பட்டம் ரெஜினால்டின் கையை விட்டு நீங்கியது. ஆனால் அவ்வாண்டும் இரட்டையர் பட்டம் உடன்பிறந்தாரிடமே நிலைத்தது. 1897 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்ற அவர்கள், 1902 ஆம் ஆண்டு சுமித்து, ரைஸ்லி என்னும் இருவரிடம் தோற்றனர். தோல்வியால் மனம் தளராமல் அடுத்த ஆண்டே பட்டத்தை மீட்டு, 1905 வரை காத்தனர். இவ்வாறு அவர்கள் பெற்ற பட்டங்கள் எட்டு. விம்பிள்டனில் இத்தனை முறை வென்ற ஆடவர் இணை வேறில்லை.

1903 ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைக்காக இருவரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றனர். அதுவரை அக்கோப்பை அமெரிக்காவை விட்டு வெளியே சென்றதில்லை. அந்நேரம் பார்த்து ரெஜினால்டின் தோள் நோவுற்றது. மாற்றாளை இறக்கினால் அவர் பின்னர் ஆட இயலாது. ஆகவே முதல் ஆட்டத்தை எதிரிக்கே விட்டுக் கொடுத்து அவருக்கு ஓய்வளிக்கத் தலைவர் துணிந்தார். தோல்வியொன்றை முன்னரே ஏற்றுக்கொண்ட அணியின் பாரம் லாரன்சின் தோளில் ஏறியது. அவர் தம் முதல் ஆட்டத்தை வென்று சமன் செய்தார். அடுத்து, நோவு தணிந்த அண்ணனும் தம்பியும் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினர். அவர்களை எதிர்த்த ரென் என்பாரும் உடன்பிறந்த இருவரே. அவர்களை வென்ற டோஹர்ட்டி உடன்பிறந்தார் எஞ்சிய தனியர் ஆட்டங்களையும் வென்று, கோப்பையைக் கடல் கடந்து கொணர்ந்தனர்.

ஊதியம் கருதாது ஆடிய ரெஜினால்டு 1910 ஆம் ஆண்டு தம் 38 ஆம் வயதில் மறைந்தார். லாரன்சும் 1919 ஆம் ஆண்டு, 44 வயது நிரம்புமுன் மறைந்தார்.

இரட்டையர் ஆட்டத்தில் துணைவர் விட்ட இடத்தைத் தாம் நிரப்புவதே திறமை. அண்ணன் நலிந்தபோது தம்பி தாங்கினார். தம்பி உயர அண்ணன் விலகி நின்றார். மாணவர்களே, வீட்டிலும் நாட்டிலும் பிறரோடு கூடிப் பணியாற்றும் காலை, என் பங்கு எது என்று கணக்கிடாமல், குறைவது எது என்று கண்டு நிரப்புதலே நமக்கு அழகாகும்.