ஐஸ் ஹவுஸ் சகோதரி

சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை, தென்காசி, குற்றாலம் பக்கத்திலிருந்து செல்வோரும் கண்டு திரும்புவதுண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க எழுந்த கட்டடமாதலால் அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கியதைப் பலரும் அறிவர். பின்னாளில் இளம் விதவைகள் அங்கு வாழ்ந்து கல்வி கற்றதை அறிந்தோர் சிலரே. அவர்களுக்கு அதன் கதவைத் திறந்து வைத்தவர் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி.

1886ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்த அவருக்குப் பதினோராம் வயதில் மணம் நடந்தது. சில நாள்களிலேயே கணவர் இறந்தார். தாமிரபரணிக் கரையானாலும் சிற்றாற்றங்கரையானாலும், அக்காலத்து அக்கிரகாரங்களில் இத்தகைய சிறுமிக்குக் காத்திருந்தவை மழித்த தலையும் அடுக்களை மூலையுமே. தந்தை சுப்பிரமணிய ஐயரும் தாய் விசாலாட்சியும் அதற்கு இசையவில்லை. ஊராரின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தனர். இளமையிலேயே கணவரை இழந்திருந்த சிற்றன்னை வாலாம்பாள் அவருக்கு உற்ற துணையானார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்பலட்சுமி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி எனப் புகழ்பெற்றார்.

வேறொருவராயின் அந்தப் புகழோடு நின்றிருப்பார். அவரோ 1912இல் எழும்பூரில் தம் குடும்ப வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டார். அவர்களின் சமையலையும் இல்லத்தையும் கவனித்தவர் வாலாம்பாள். கல்வி அதிகாரியாயிருந்த செல்வி லிஞ்ச் அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார். இடம் போதாமற் போகவே இல்லம் திருவல்லிக்கேணிக்கும், பின்னர் ஐஸ் ஹவுஸுக்கும் மாறியது.

அங்கு வந்த பெண்கள் வெறும் புகலிடம் தேடியவர்கள் அல்லர். தம் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்று கேட்டுப் பழகியவர்கள். அவர்களை ஆசிரியைகளாக்கி, சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கச் செய்வதே சுப்பலட்சுமியின் நோக்கம். பெற்றோர் அஞ்சிப் பெண்ணைத் திரும்ப அழைத்துச் செல்லாதிருக்க, ஆசாரத்தை அவர் இல்லத்தில் கைவிடவில்லை. அந்தணப் பெண்களுக்கென்றே அது நடந்ததைக் குறைகூறியோர் உண்டு. அக்குறை நியாயமானதே. ஆயினும் அந்த வேலியில்லாதிருந்தால் முதற்பெண்ணே வந்திருப்பாளா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் அவர் பின்னர்ப் பள்ளி நடத்தினார்.

1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். அரசு இல்லத்தில் வயது கடந்த விதவைகளுக்கு இடமில்லாதிருந்த நிலையில், அவர்களுக்காக 1927இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1938இல் அதனை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராயிருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

1969 டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று அவர் மறைந்தார். அதற்குள் அவர் வளர்த்த பெண்கள் பலர் மாகாணமெங்கும் பள்ளிகளில் கரும்பலகை முன் நின்று பாடம் சொல்லியிருந்தனர்.