கல்யாண போட்டோ இல்லாத கேமராக்காரர்

உங்க ஆச்சி வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் தெறந்து பாத்திருக்கீங்களா? திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகள்ல அதுக்குள்ள ஒரே மாதிரி ஒரு போட்டோ கிடைக்கும். ரெண்டு ஆம்பளைங்க. பின்னால மாளிகைப் படிக்கட்டு வரைஞ்ச திரை. ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருப்பார், இன்னொருத்தர் அவர் தோள்ல கை வச்சு நிப்பார். கேட்டா, தாத்தாவும் அவரோட சிநேகிதரும்னு பதில் வரும். கொஞ்ச வருஷம் கழிச்சு அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி திரை, அதே போஸ்ல தாத்தாவும் ஆச்சியும் இருப்பாங்க.

அந்த முதல் போட்டோ முக்கால்வாசி வீட்டுல வெறும் நட்புதான். எல்லா வீட்டுலயும் அப்படித்தானான்னு போட்டோவைப் பாத்துச் சொல்ல முடியாது. கல்யாணம்னு ஒண்ணு நடந்தா பத்திரிகை இருக்கும், ஆல்பம் இருக்கும், சாட்சி இருக்கும். ரெண்டு ஆம்பளைங்களுக்கோ ரெண்டு பொம்பளைங்களுக்கோ நடுவுல இருந்த காதலுக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த இதழ்ல நான் சொல்லப் போறது, கேமராவை வச்சே அந்த இடத்தை நிரப்பப் பார்த்த ஒரு மனுஷனைப் பத்தி. பேரு லயனல் வென்ட். ஊரு கொழும்பு.

கொழும்புக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நம்ம தாமிரபரணி போய்ச் சேர்ற மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரைதான் இலங்கை. அந்தத் தீவோட பழைய பேரு தம்பபண்ணி. நம்ம ஆத்துப் பேரும் அதுவும் ஒண்ணுதான். வ.உ.சி. கப்பல் விட்டதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுலதான். நெல்லைச் சீமைக்காரங்க கடை வைக்கவும் வேலைக்கும் போன ஊரு அது.

வென்ட் 1900 டிசம்பர் 3-ம் தேதி பிறந்தார். அப்பா பரங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர், உச்ச நீதிமன்ற நீதிபதி. அம்மா சிங்களவர். பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள ரெண்டு பேரையும் இழந்துட்டார். பிறகு லண்டன் போய் ஒரே நேரத்துல ரெண்டு படிப்பு படிச்சார்: ஒரு பக்கம் சட்டம், இன்னொரு பக்கம் ராயல் அகாடமியில பியானோ. (ஒரே டிகிரியில அரியர் வச்சிருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.) 1924-ல் ஊர் திரும்பி கோர்ட்டுக்குப் போனார். அது ஒத்து வரல. கறுப்பு அங்கியைக் கழட்டி வச்சுட்டு பியானோ பக்கம் வந்துட்டார்.

முப்பதுகள்லதான் கேமரா அவரை முழுசாப் பிடிச்சுது. 1934-ல் பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படத்துல கேக்கிற வர்ணனைக் குரல் இவரோடதுதான். கண்டி நடனக்காரங்களுக்குப் பெரிய ஆதரவா இருந்தார்.

டார்க் ரூம்ல அவர் பண்ணின வேலைதான் நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். சோலரைசேஷன்னு ஒண்ணு. பிரிண்ட் டெவலப்பர்ல பாதி உருவாகி வரும்போது ஒரு நொடி லைட்டைப் போட்டு அணைக்கணும். அப்போ வெளிச்சமான இடங்கள் இருண்டு, உருவத்தோட ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு விழும். ஒரு நொடி கூடினா பேப்பர் வீண். இன்னிக்கு ஃபில்டர்ல ஒரு தட்டு தட்டினா வர்றதுதான், ஆனா அவருக்கு அன்டூ பட்டன் கிடையாது.

அவர் யாரை எடுத்தார்ங்கறதுதான் விஷயம். வலை இழுக்கிற மீனவர்கள், குளத்துல குளிக்கிற விவசாயிகள், இடுப்புத் துணியோட நிக்கிற இளைஞர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கேமராக்கள் இதே ஆட்களை அளவெடுக்கிற மாதிரி, நேரா நிக்க வச்சு எடுத்தன. வென்ட் படங்கள்ல தோள்மேல விழுற வெயில் கூட ஆசையோட விழும். பெண்களையும் எடுத்தார், கோயில்களையும் எடுத்தார். இருந்தாலும் ஆண் உடம்பைப் பார்க்கும்போது அந்தப் பார்வை வேற மாதிரி ஆயிடுது. அவர் கல்யாணம் பண்ணிக்கல. தன்பால் ஈர்ப்பு கொண்டவர்ங்கறதுதான் அவரை ஆராய்ந்தவர்கள் பலரோட முடிவு, அதுக்கு முக்கியச் சான்று இந்தப் படங்கள்தான்.

அப்போ அங்க இருந்த சட்டம் 1883-ம் வருஷத்து பீனல் கோடு, பிரிவு 365. நம்ம 377-க்குத் தம்பி. ரெண்டையும் எழுதினது ஒரே ஆட்சி. அந்தச் சட்டத்துக்குக் கீழ உக்காந்துகிட்டு, நீதிபதி மகன், வக்கீலுக்குப் படிச்சவர், இந்தப் படங்களை எடுத்தார். அதை நினைச்சாதான் அவரோட தைரியம் புரியும். வசதியான வீட்டுல பிறந்தது ஒரு கவசமா இருந்திருக்கும், அதையும் சொல்லிடணும். அவர் படத்துல இருக்கிற மீனவனுக்கு அந்தக் கவசம் இல்ல. அவங்க பேரு கூட பெரும்பாலும் நமக்குக் கிடைக்கல.

1943-ல் ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ் மாதிரி ஓவியர்கள் சேர்ந்து ‘43 குழு’ தொடங்கினப்போ நடுநாயகமா இருந்தது வென்ட்தான். அடுத்த வருஷமே, 1944 டிசம்பர் 19, இறந்துட்டார். வயசு 44. அதுக்கப்புறம் அவரோட நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுடுச்சு. மிஞ்சினது அவர் கையால போட்ட பிரிண்ட்கள் மட்டும்தான். 1950-ல் அதுலேருந்து ஒரு புத்தகம் வந்தது. 1953-ல் அவர் பேர்ல கொழும்புல ஒரு கலை அரங்கம் திறந்தாங்க, இன்னிக்கும் அங்க நாடகம் நடக்குது.

இப்போ நம்ம காலத்துக்கு வாங்க. நம்ம கேம்பஸ்ல முகூர்த்த நாள்னா அட்டெண்டன்ஸ் குறையுறதுக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்: பாதிப் பேர் கல்யாண ஆர்டருக்கு லைட் பிடிக்கப் போயிருப்பான். அவனுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய சேதி இது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ஐத் தளர்த்துச்சு. அதே வருஷம் அக்டோபர் 31-ல் தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயில்ல ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பதிவு பண்ண மாட்டோம்னு அலுவலகம் சொல்ல, 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்துல வர்ற மணமகள்ங்கற சொல் திருநங்கையையும் குறிக்கும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அது ஆண்-பெண் கல்யாணமாவே பதிவாச்சு, தன்பால் கல்யாணம் இல்ல. தன்பால் கல்யாணத்துக்கு 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரல. ஆனா அதுக்கு முந்தின வருஷமே சென்னையில ரெண்டு பெண்கள் மடிசார் குடும்ப முறைப்படி, அப்பா மடியில உக்காந்து மாலை மாத்தின போட்டோக்கள் உலகம் முழுக்கச் சுத்தியாச்சு. பதிவேட்டுல இல்லாத கல்யாணத்துக்கு ஆல்பம் இருக்கு.

இலங்கையில 365 இன்னும் சட்டப் புத்தகத்துலதான் இருக்கு.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறப்போ அந்த டிரங்குப் பெட்டியைத் தெறங்க. அந்த ரெண்டு பேர் போட்டோவைத் திருப்பிப் பாருங்க. ஸ்டூடியோ முத்திரை இருந்தா, எந்த ஊருன்னு எனக்கும் எழுதுங்க. கூட நிக்கிறவர் பேரு என்னன்னு ஆச்சிகிட்ட கேட்டு வச்சுக்குங்க, அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே.