புரொபசர் ஹொஃப்மன்

புரொபசர் ஹொஃப்மன் (ஜூலை 23, 1839 – டிசம்பர் 23, 1919) என்ற புனைபெயரால் அறியப்படும் ஏஞ்சலோ ஜான் லூயிஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் எழுத்தாளரும் ஆவார். மாயவித்தையைத் தொடக்க நிலையினரும் சிறுவர்களும் படித்தே கற்றுக்கொள்ளும் வகையில் முறைப்படி விளக்கியவர் என்ற பெருமை இவரைச் சேரும். 1876 இல் வெளிவந்த இவரது மாடர்ன் மேஜிக் (நவீன மாயவித்தை) என்னும் நூல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாயவித்தை நூல்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மேடையேறி வித்தை காட்டுவதை இவர் தொழிலாகக் கொண்டவர் அல்லர்.

வாழ்க்கைக் குறிப்பு

லூயிஸ் இலண்டனில் பிறந்தார். பள்ளிக் கல்விக்குப் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வாதாம் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அதன் பிறகு சட்டம் கற்றுப் பாரிஸ்டர் ஆனார். மாயவித்தை இவருக்கு ஓய்வுநேர ஆர்வமாகவே இருந்தது.

தம் சொந்தப் பெயரில் இவர் வித்தை நூல்களை எழுதவில்லை. நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் ஒருவர் கண்கட்டு வித்தையில் வல்லவர் எனத் தெரியவந்தால், அவரது சொல்லின் மீது பிறருக்கு நம்பிக்கை குறையக்கூடும் என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அக்காலத்து மேடை வித்தகர்கள் பலர் தம் பெயருக்கு முன்னால் புரொபசர் என்று சேர்த்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அவ்வழக்கத்தைப் பின்பற்றியே இவரும் தம் புனைபெயரை அமைத்துக்கொண்டார். இவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றியவர் அல்லர்.

தம் இறுதிக் காலத்திலும் எழுதிவந்த இவர், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பெக்ஸ்ஹில் நகரில் காலமானார்.

இவருக்கு முந்தைய நிலை

மாயவித்தையின் இரகசியங்களை அச்சில் வெளியிட்ட முதல் நபர் ஹொஃப்மன் அல்லர். 1584 இல் ரெஜினால்ட் ஸ்கொட் எழுதிய சூனியம் பற்றிய நூலில் சில வித்தைகளின் செய்முறை இடம்பெற்றிருந்தது. சூனியக்காரர் எனப் பழி சுமத்தப்பட்டோரை மக்கள் துன்புறுத்துவதைக் கண்டிப்பதே அந்நூலின் நோக்கமாகும். 1634 இல் ஹோகஸ் போகஸ் ஜூனியர் என்ற சிறுநூல் வெளிவந்தது. பிரான்சில் புகழ்பெற்ற வித்தகரான ஜோன் இயூஜின் ரொபேர்-ஊடேன் 1868 இல் தம் கலையின் அடிப்படைகளை விளக்கிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலை எழுதினார்.

எனினும், ஆங்கிலத்தில் கிடைத்த மலிவான வித்தை நூல்கள் பெரும்பாலும் தந்திரம் எது என்பதை மட்டுமே சில வரிகளில் கூறின. எந்தக் கையில் சீட்டுக்கட்டைப் பிடிப்பது, எந்த விரல் எங்கே இருக்க வேண்டும், அந்நேரத்தில் என்ன பேசுவது என்பனவற்றை அவை விளக்கவில்லை. ஆகவே அவற்றைப் படித்த சிறுவன் ஒருவனால் இரகசியத்தை அறிந்துகொள்ள முடிந்ததே தவிர, வித்தையைச் செய்துகாட்ட முடியவில்லை. கற்க விரும்புவோர் தொழில்முறை வித்தகர் ஒருவரை அணுகிப் பயிலவேண்டிய நிலையே இருந்தது.

மாடர்ன் மேஜிக்

ஹொஃப்மனின் கட்டுரைகள் முதலில் ரூட்லெட்ஜ் பதிப்பகத்தின் எவ்ரி பாய்ஸ் மேகசின் என்னும் சிறுவர் இதழில் தொடராக வெளிவந்தன. பின்னர் அவை தொகுக்கப்பட்டு 1876 இல் நூலாயின. 500 பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலில் 300 க்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றுள்ளன. நூல் பல பதிப்புகளைக் கண்டது.

நூலின் அமைப்பே அதன் சிறப்பாகும். மந்திரக்கோல், மேசை, உடை ஆகியவற்றின் விளக்கத்துடன் நூல் தொடங்குகிறது. அடுத்து, சீட்டு வித்தைக்கு வேண்டிய கைத்திறன்கள் ஒவ்வொன்றாகக் கற்பிக்கப்படுகின்றன. கட்டின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிறர் அறியாமல் இடம் மாற்றுதல், தாம் விரும்பும் சீட்டையே பார்ப்பவர் எடுக்குமாறு செய்தல், கலைப்பது போலக் காட்டிச் சீட்டுகளின் வரிசையைக் காத்தல், சீட்டை உள்ளங்கையில் மறைத்தல் என்பன இவற்றுள் சில. அதன் பின்னர், கைத்திறன் எதுவும் தேவைப்படாத எளிய சீட்டு வித்தைகள், கைத்திறன் வேண்டுபவை, சிறப்புக் கருவிகள் வேண்டுபவை என்ற வரிசையில் அத்தியாயங்கள் அமைகின்றன. தொடர்ந்து நாணயங்களைக் கொண்டு செய்யும் வித்தைகளும், கிண்ணங்களையும் சிறு பந்துகளையும் கொண்டு செய்யும் செப்படி வித்தையும், இறுதியில் பெரிய மேடை வித்தைகளும் விளக்கப்படுகின்றன.

எளிய சீட்டு வித்தைகள்

கைத்திறன் தேவைப்படாத வித்தைகளுக்கு ஹொஃப்மன் தனி அத்தியாயம் ஒதுக்கியது, நூல் இளம் வாசகர்களிடையே பரவ உதவியது. இவ்வகை வித்தைகள் இரண்டின் செயல்முறை கீழே தரப்படுகிறது.

முதலாவது, அடையாளச் சீட்டு முறை. கட்டின் அடியில் உள்ள சீட்டு எது என்பதை வித்தகர் முன்னரே இரகசியமாகப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறார். பார்ப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் மேல் வைக்கிறார். பின்னர் கட்டை ஓரிடத்தில் பிரித்து, கீழ்ப்பகுதியை மேற்பகுதியின் மீது வைத்தால், அடியில் இருந்த அடையாளச் சீட்டு, எடுக்கப்பட்ட சீட்டின் மேல் நேராக வந்து அமைகிறது. எத்தனை முறை இவ்வாறு பிரித்து வைத்தாலும் சீட்டுகளின் சுழல் வரிசை மாறுவதில்லை. ஆகவே சீட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும்போது, அடையாளச் சீட்டுக்கு அடுத்து வருவதே பார்ப்பவரின் சீட்டாகும். அடையாளச் சீட்டு கடைசியாக வந்தால், முதலில் போடப்பட்ட சீட்டே அதுவாகும்.

இரண்டாவது வித்தையில் இருபது சீட்டுகள் பத்து இணைகளாக வைக்கப்படுகின்றன. பார்ப்பவர்கள் ஆளுக்கோர் இணையை மனத்தில் கொள்கின்றனர். சீட்டுகளைத் திரட்டி, நான்கு வரிசைகளில் ஐந்தைந்தாகப் பரப்பிய பின்னர், தம் சீட்டுகள் எந்த வரிசைகளில் உள்ளன என்று மட்டும் கூறினால் போதும். வித்தகர் அவ்விரு சீட்டுகளையும் எடுத்துக் காட்டுகிறார். இதன் திறவுகோல் மூட்டஸ், நோமன், டெடிட், கோகிஸ் என்னும் நான்கு இலத்தீன் சொற்களாகும். இலத்தீன் எழுத்தில் இவை ஒவ்வொன்றும் ஐந்து எழுத்துகள் கொண்டவை. நான்கிலும் சேர்த்துப் பத்து வேறுபட்ட எழுத்துகளே உள்ளன. ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருமுறை வருகிறது. ஓர் இணையின் இரு சீட்டுகளையும் ஒரே எழுத்துக்கு உரிய இரு இடங்களில் வைப்பதே தந்திரம். எந்த இரு எழுத்துகளும் ஒரே வரிசைச் சேர்க்கையில் வராததால் விடை ஐயமின்றிக் கிடைக்கிறது.

கற்பித்த விதிகள்

செய்முறையுடன் நில்லாமல் வித்தகருக்கு உரிய நடைமுறை விதிகளையும் ஹொஃப்மன் வகுத்தார். என்ன நிகழப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடாது என்பது அவற்றுள் முதன்மையானது. முன்கூட்டி அறிந்தவர் எங்கே கவனிக்க வேண்டும் என்பதையும் ஊகித்துவிடுவார். ஒரே வித்தையை ஒரே அவையில் அதே முறையில் மீண்டும் செய்யக்கூடாது என்பது மற்றொன்று. முதல் முறை வியப்பால் கவனம் சிதறியவர், இரண்டாம் முறை கையை மட்டுமே கவனிப்பார் என்பது இதன் காரணம்.

மந்திரக்கோலையும் இவர் வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. கோலை எடுக்கவும் வைக்கவும் மேசை பக்கம் திரும்புவது இயல்பாகத் தோன்றும். கோலைப் பிடித்த கை மூடியிருப்பதும் ஐயத்தை எழுப்பாது. கண்ணாடி முன் நின்று பயில்வதையும், வித்தையுடன் இணைந்த பேச்சை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதையும் இவர் வலியுறுத்தினார்.

எதிர்ப்பும் விளைவும்

தம் பிழைப்புக்கு ஆதாரமான இரகசியங்கள் சிறுவர்களின் கைக்கும் எட்டியதைத் தொழில்முறை வித்தகர்கள் சிலர் விரும்பவில்லை. இக்கலை இத்துடன் அழிந்துவிடும் என்றும் அஞ்சப்பட்டது. ஆனால் அவ்வாறு நிகழவில்லை. ஒரு வித்தையின் காரணத்தை அறிவது வேறு, அதனைப் பிறர் வியக்கச் செய்துகாட்டுவது வேறு என்பது ஹொஃப்மனின் நூலிலேயே அடங்கியிருந்தது. பொழுதுபோக்கிற்காக அறிய விரும்பியவர்கள் சில பக்கங்களுடன் நிறுத்திக்கொண்டனர். எஞ்சியவர்கள் பயிற்சியை மேற்கொண்டனர். வித்தகரின் குடும்பத்திலோ குழுவிலோ பிறவாத ஒருவரும் இக்கலைக்குள் நுழைய வழி ஏற்பட்டது. எல்லோரும் அறிந்த பழைய வித்தைகளையே நம்பியிருக்க முடியாத வித்தகர்கள் புதியனவற்றை உருவாக்க வேண்டியிருந்தது.

1905 இல் இலண்டனில் தோன்றிய மேஜிக் சர்க்கிள் என்னும் வித்தகர் சங்கம், இரகசியம் காத்தலைத் தன் குறிக்கோளுரையாக ஏற்றது. எனினும் கற்க முயல்வோருக்கு நூல்வழி பயிற்றுவிப்பதும், வேடிக்கைக்காகப் பொதுவில் அம்பலப்படுத்துவதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு வித்தகர்களிடையே நிலைபெற்றது. மாடர்ன் மேஜிக் நூல் 1978 இல் அமெரிக்காவில் மறுபதிப்புச் செய்யப்பட்டது.

முக்கிய நூல்கள்

மாடர்ன் மேஜிக் (1876)
மோர் மேஜிக் (1890)
பசில்ஸ் ஓல்ட் அண்ட் நியூ (1893) – புதிர்களின் தொகுப்பு
லேட்டர் மேஜிக்
லேட்டஸ்ட் மேஜிக் (1918)

இவற்றைத் தவிர, ரொபேர்-ஊடேனின் 1868 ஆம் ஆண்டு நூலை 1878 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவோரின் தந்திரங்களை விளக்கும் ரொபேர்-ஊடேனின் மற்றொரு நூலும் இவரால் மொழிபெயர்க்கப்பட்டது. கேளிக்கைக்கான கைத்திறன், பொருள் பறிக்கும் சூதாடியின் கையில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஆங்கில வாசகர்கள் அறிய அம்மொழிபெயர்ப்பு உதவியது.